செகண்ட் ஹேண்ட் கார், சர்வீஸ் நோட்டு இல்லை: எந்த ஆயிலை முதல்ல மாத்துறது?

வெண்புறா

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினேன். 11 வருஷ வண்டி, மேனுவல் கியர், மீட்டர்ல 1,12,300 கிலோமீட்டர். முதல் ஓனர் வயசானவர், இறந்துட்டார். அதுக்கப்புறம் ரெண்டு கை மாறி என்கிட்ட வந்திருக்கு. சர்வீஸ் நோட்டு எங்க போச்சுன்னு வித்தவருக்கே தெரியல. "எல்லாம் டைமுக்குப் பண்ணின வண்டி"ன்னு மட்டும் சொன்னார். ஒரு பில் கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பானெட்டைத் திறந்து நானே பார்த்தேன். டிப்ஸ்டிக்ல இன்ஜின் ஆயில் தேன் நிறத்துல பளபளன்னு இருக்கு. ரேடியேட்டர் பக்கத்து டேங்க்ல இருக்கிற தண்ணி துரு நிறம். பிரேக் ஆயில் டப்பா வெளியிலிருந்தே கறுப்பாத் தெரியுது, அளவுக் கோடு கூடக் கண்ணுக்குப் படல. காலையில வண்டி எடுத்ததும் முதல் தடவை மூணாவது கியர் போடும்போது 'கர்ர்'னு ஒரு உரசல் வருது. பத்து நிமிஷம் ஓடினதும் போயிடுது.

தெரிஞ்சவங்க ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். ஒருத்தர், எல்லாத்தையும் ஒரே மூச்சில மாத்திடுன்னார். இன்னொருத்தர், ஓடுற வண்டியில கை வைக்காதே, பழைய ஆயிலுக்குப் பழகின இன்ஜின், புதுசு ஊத்தினா லீக் ஆரம்பிக்கும்ங்கிறார்.

வீட்டுக்காரர் வேலை விஷயமா வெளியில இருக்கார், வண்டி முழுக்க என் பொறுப்பு. தினம் ரெண்டு குழந்தைகளை ஏத்திக்கிட்டு ஒரு செங்குத்தான மேட்டுல ஏறி இறங்கணும். ஜாக்கி, ஸ்டாண்டு, ஸ்பேனர் செட் இருக்கு. டயர் கழட்டி மாட்டத் தெரியும். ஆயில் மாத்தினதில்ல, ஆனா கத்துக்கணும்னு ஆசை. எல்லாத்தையும் ஒரே வாரத்துல முடிக்க நேரமும் இல்லை, பணமும் இல்லை. எதை முதல்ல தொடணும், எது காத்திருக்கும்?

நெடுஞ்சாலை

வரலாறு தெரியாத வண்டின்னா எல்லாமே காலாவதி ஆயிடுச்சுன்னு வச்சுக்கிறதுதான் பாதுகாப்பு. உங்க மாடலுக்கான கையேடு இணையத்துல கிடைக்கும், அதுல எந்த ஆயில், எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவைன்னு அட்டவணை இருக்கும். பெரும்பாலான வண்டிகளுக்கு பிரேக் ஆயில் 2 வருஷம். இன்ஜின் ஆயில் கையேட்டுல சொன்ன கிலோமீட்டர் அல்லது 1 வருஷம், எது முன்னால வருதோ அது.

இன்னொன்னு, சேஸிஸ் நம்பரைக் கொண்டுபோய் அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கேட்டுப் பாருங்க. முதல் ஓனர் அங்கேயே விட்டிருந்தா பழைய பதிவு கம்ப்யூட்டர்ல இருக்கும். பானெட்டுக்கு உள்பக்கம், டிரைவர் கதவு ஓரம், டைமிங் கவர் மேல ஸ்டிக்கர் எதாவது ஒட்டியிருக்கான்னும் பாருங்க. டைமிங் பெல்ட் (பிஸ்டனோட ஓட்டத்துக்கு ஏத்தபடி வால்வைத் திறந்து மூட வைக்கிற பெல்ட்) மாத்தினா தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒட்டுற பழக்கம் நல்ல மெக்கானிக்குங்ககிட்ட உண்டு.

பட்டறைக்காரன்

தங்கச்சி, இந்தக் கேள்வியைப் படிச்சதும் வேலையை ஓரமா வச்சுட்டு எழுத உட்கார்ந்துட்டேன். 24 வருஷமா பட்டறையில நிக்கிறேன். பழைய வண்டி வாங்கினவங்க பத்துல ஒன்பது பேர் முதல்ல இன்ஜின் ஆயிலைத்தான் மாத்துறாங்க. நானும் ஒரு காலத்துல அப்படித்தான் பண்ணினேன். உங்க விஷயத்துல முதல் வேலை பிரேக் ஆயில். நாளைக்கே. அந்த மேட்டுல குழந்தைகளோட மறுபடி இறங்குறதுக்கு முன்னாடி.

ஏன்னு சொல்றேன். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். ரப்பர் ஹோஸ் வழியாவும், டப்பா மூடி வழியாவும், வருஷக்கணக்கா, சத்தமில்லாம. டாட் 4ங்கிற தரத்து பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாது. அதுல 3.7 சதவீதம் தண்ணி கலந்துட்டா கொதிநிலை 155 டிகிரிக்கு இறங்கலாம்னு அந்தத் தர அளவுலயே இருக்கு. டாட் 3 இன்னும் கீழ, 205-லிருந்து 140. இறக்கத்துல தொடர்ந்து பிரேக் மிதிக்கும்போது பேடு பக்கத்துல இருக்கிற ஆயில் அந்தச் சூட்டைத் தொடுறது ஒண்ணும் அதிசயமில்ல. கொதிச்சா ஆவிக் குமிழ் உண்டாகும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்க மிதிக்கிற மிதி எல்லாம் அந்தக் குமிழை நசுக்குறதுலயே போயிடும், சக்கரத்துக்குப் போகாது.

இது எனக்கே நடந்தது. நான் சொந்தமா வாங்கின முதல் வண்டி, அதுவும் கை மாறி வந்ததுதான். வாங்கின அன்னிக்கே இன்ஜின் ஆயில், ஃபில்டர், பிளக் எல்லாம் மாத்தி, வெளியில பாலிஷ் போட்டு, ரெண்டாவது வாரம் வீட்டம்மாவையும் மகளையும் கூட்டிக்கிட்டு மலை ஏறினேன். இறங்கும்போது நாலஞ்சு கொண்டை ஊசி வளைவு தாண்டியிருப்போம். அடுத்த வளைவுக்கு முன்னால பிரேக்கை மிதிக்கிறேன், பெடல் தரையில போய் ஒட்டிக்கிச்சு. கால்ல எதிர்ப்பே இல்லை, ஈரத் துணியை மிதிக்கிற மாதிரி இருந்துச்சு. திரும்பத் திரும்ப மிதிச்சேன். மூணாவது கியர்லேர்ந்து ரெண்டாவதுக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, ரோட்டோரம் இருந்த மண் மேட்டுல வண்டியைச் சாய்ச்சு நிறுத்தினேன். பின்னாடியிருந்து மகள், "ஏம்ப்பா இங்க நிறுத்தினீங்க?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் சொல்ல வாய் வரல.

அரை மணி நேரம் கழிச்சு பெடல் பழையபடி கெட்டியா வந்துடுச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி. சூடு ஆறினதும் ஆவி திரும்ப ஆயிலாயிடுது, அதான் காரணம். இதனாலயே நிறைய பேர் நம்ம கால்தான் தவறியிருக்கும்னு நினைச்சு விட்டுடறாங்க. ஊர்ந்துக்கிட்டே வீடு வந்து சேர்ந்து, சக்கரத்துக்கிட்ட பிரேக் ஆயில் வடிக்கிற நிப்பிளைத் திறந்தேன். வந்த ஆயில் கரும்பழுப்பு, பாட்டிலோட அடியில கறுப்புத் துகள் படிஞ்சு நின்னுச்சு. அன்னிக்கு அதைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அதுலேர்ந்து என் பட்டறைக்கு நோட்டு இல்லாத வண்டி எது வந்தாலும் முதல்ல திறக்குறது பிரேக் டப்பாதான்.

பிரேக் ஆயில் மாத்துறதை முதல் தடவையே தனியா பண்ணாதீங்க. பெடல்ல ஒருத்தர், சக்கரத்துக்கிட்ட ஒருத்தர்னு ரெண்டு பேர் வேணும், அதுல ஒருத்தர் ஏற்கெனவே செஞ்சவரா இருக்கட்டும். நல்ல மெக்கானிக்கிட்ட விட்டு, பக்கத்துல நின்னு பாருங்க. கவனிக்க வேண்டியது மூணு. பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை வைக்கச் சொல்லுங்க. மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளுற பழைய மாஸ்டர் சிலிண்டர்ல, பெடல் இத்தனை வருஷம் போகாத தூரத்துல துருவும் அழுக்கும் இருக்கும். தரை வரைக்கும் மிதிச்சா உள்ளே இருக்கிற ரப்பர் சீல் அதுல உரசிக் கிழிஞ்சிடும். ரெண்டாவது, டப்பாவுல ஆயில் எந்த நேரத்துலயும் கீழ்க்கோட்டுக்குக் கீழ இறங்கக் கூடாது, காத்து உள்ளே போயிடும். மூணாவது, ஆயில் பாட்டில் உங்க கண் முன்னால சீல் உடைக்கப்படணும். போன மாசம் திறந்து வச்ச பாட்டில் ஏற்கெனவே ஈரம் குடிச்சிருக்கும். பெயின்ட் மேல சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவணும், இல்லேன்னா பெயின்டைத் தின்னுடும். நிறைய வண்டியில கிளட்ச்சுக்கும் இதே டப்பாதான். உங்களுதும் அப்படின்னா கிளட்ச் பக்கமும் சேர்த்து வடிக்கச் சொல்லுங்க. கிளட்ச் முழுசா விடலேன்னாலும் கியர் உரசும், அந்த 'கர்ர்'ல பாதி அங்கேயே போனாலும் போகும்.

அடுத்தது ஆயிலே இல்ல, டைமிங் பெல்ட். உங்க இன்ஜின்ல பெல்ட்டா செயினான்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். பெல்ட்டா இருந்து, எப்போ மாத்தினதுன்னு தெரியலேன்னா, மாத்தியே ஆகணும். அது அறுந்தா நிறைய இன்ஜின்கள்ல பிஸ்டன் போய் வால்வை அடிச்சு வளைச்சிடும். பெல்ட்டை இறுக்கமா வச்சிருக்கிற டென்ஷனரும், வாட்டர் பம்ப்பை அதே பெல்ட் சுத்துதுன்னா பம்ப்பும் சேர்த்து மாத்திடுங்க. பம்ப்பைக் கழட்டினா இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட் எப்படியும் வெளியே வரப் போகுது. அதனால கூலன்ட் வேலையை அதுக்கு முன்னாடி தனியா பண்ணி காசை ரெண்டு தடவை ஊத்தாதீங்க. பெல்ட், பம்ப், கூலன்ட் மூணும் ஒரே நாள். அதுவரைக்கும் டேங்க்ல அளவு குறையுதான்னு தினம் காலையில பாருங்க. சூடா இருக்கும்போது மூடியை மட்டும் திறந்துடாதீங்க, முகத்துல பீய்ச்சி அடிக்கும்.

துரு நிறத் தண்ணின்னா, யாரோ வருஷக்கணக்கா வெறும் தண்ணியையே ஊத்தி ஓட்டியிருக்காங்க. கூலன்ட்ல இருக்கிற துரு தடுப்பு மருந்து எப்பவோ தீர்ந்துபோச்சு. காய்ச்சி வடிச்ச தண்ணி ஊத்தி, மேல் ஹோஸ் சூடாகுற வரைக்கும் இன்ஜினை ஓட்டி, ஆற விட்டு, வடிக்கணும். தெளிவா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப இதேதான். குழாய்த் தண்ணி வேண்டாம், உப்பு படியும். ரேடியேட்டர் கழுவுற கடுமையான மருந்தும் 11 வருஷ வண்டிக்கு வேண்டாம், துருதான் ஓட்டையை அடைச்சுக்கிட்டு இருக்குன்னா அதுவும் கழண்டுடும்.

இங்கதான் ஒரு கணக்கு தப்பும். எவ்வளவு வடிச்சாலும் இன்ஜின் பிளாக்குக்குள்ள கொஞ்சம் வெறும் தண்ணி தங்கிடும். அதுமேல கடையில கிடைக்கிற பாதிக்குப் பாதி கலந்த கூலன்டை ஊத்தினா மொத்தத்துல மருந்து குறைஞ்சுபோகும். அதனால கலக்காத கூலன்ட் வாங்குங்க. மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர்னா முதல்ல 3 லிட்டர் கூலன்டை ஊத்துங்க, மிச்ச இடத்தைக் காய்ச்சி வடிச்ச தண்ணியால நிரப்புங்க. உள்ளே எவ்வளவு தங்கியிருந்தாலும் பாதிக்குப் பாதி சரியா வந்துடும். பச்சை, சிவப்பு, நீலம்னு நிறத்தை நம்பாதீங்க, நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. கையேட்டுல சொல்லியிருக்கிற வகைதான் கணக்கு. வடிச்சதைத் திறந்த பாத்திரத்துல விட்டுடாதீங்க. இனிப்பா இருக்கும், நாய் பூனை நக்கும், கொடிய விஷம். குழந்தைகள் இருக்கிற வீடு வேற.

இப்ப இன்ஜின் ஆயில். தேன் நிறம்னா போன மாசம் யாரோ ஊத்தியிருக்காங்க, அவ்வளவுதான் அதுலேர்ந்து தெரியும். அதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் என்ன நடந்துச்சுன்னு அது சொல்லாது. ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டி அதோட உள்பக்கத்தையும், ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சும் பாருங்க. உலோகம் வெளிர் பழுப்பா இருந்தா சந்தோஷம். கறுப்பா மெழுகு மாதிரி அப்பியிருந்தா, ஆயில் மாத்தாம ரொம்ப நாள் ஓடின வண்டி. அப்பவும் "இன்ஜின் ஃப்ளஷ்"னு யாராவது பாட்டில் கொண்டுவந்தா கை எடுத்துக் கும்பிட்டு அனுப்பிடுங்க. அந்த அழுக்கு ஒரே நேரத்துல பெயர்ந்து வந்து, ஆயில் உறிஞ்சுற சல்லடையை அடைச்சா, பேரிங்குக்கு ஆயில் போகாது. நல்ல ஆயிலே மெதுவா கரைச்சுக்கும். இப்ப ஃபில்டரோட ஒரு மாற்று, 1,500 கிலோமீட்டர்ல இன்னொண்ணு, அப்புறம் 5,000-ல. அதுக்குப் பிறகு கையேட்டுல உள்ளபடி.

இதை நீங்களே பண்ணலாம். பத்து நிமிஷம் ஓட்டி, கை பொறுக்குற சூட்டுல வடிங்க. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகவே கூடாது, ஸ்டாண்டு வச்சு ஆட்டிப் பார்த்துட்டுத்தான் படுக்கணும். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். பழைய ஃபில்டரைக் கழட்டினதும் அதோட ரப்பர் வளையமும் கூடவே வந்திருக்கான்னு பாருங்க. சில சமயம் அது இன்ஜின்லயே ஒட்டிக்கும். அதுமேலயே புது ஃபில்டரை மாட்டி ஸ்டார்ட் பண்ணினா ஒரு நிமிஷத்துல ஆயில் மொத்தமும் தரைக்கு வந்துடும். புது வளையத்துல விரலால கொஞ்சம் ஆயில் தடவி, உட்கார்ந்த பிறகு கையாலேயே முக்கால் சுத்து. ஸ்பேனர் வேண்டாம்.

"புதுசு ஊத்தினா லீக் ஆகும்"னு சொன்னவர் பார்த்தது பொய்யில்ல. சில வண்டியில நடக்கும். ஆனா அந்த சீல் ஏற்கெனவே செத்துப்போயிருக்கும், அழுக்குதான் அதை மூடிக்கிட்டு இருந்திருக்கும். லீக் தெரிய வந்தா சீல் மாத்தலாம், பேரிங் தேய்ஞ்ச பிறகு என்ன பண்றது?

கியர் ஆயில் ஒரு மாசம் காத்திருக்கும். பவர் ஸ்டீயரிங் உங்களுது முழுக்க மின்சார மோட்டார்ல மட்டும் ஓடுறதா இருந்தா அதுல ஆயிலே இல்லை, விட்டுடுங்க. ஆயில் டப்பா இருந்தா, சிரிஞ்ச்சால டப்பாவுல இருக்கிறதை மட்டும் உறிஞ்சிட்டு, கையேட்டுல சொன்ன ஆயிலை ஊத்தி, ஒரு வாரம் ஓட்டிட்டு மறுபடி. மூணு நாலு தடவையில நிறம் தெளிஞ்சிடும்.

ஒவ்வொண்ணையும் வடிக்கும்போது வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவுல பிடிங்க. நிறம், வாசனை, அளவு மூணையும் ஒரு நோட்டுல எழுதுங்க. உங்க வண்டிக்கு சர்வீஸ் நோட்டு இல்லேங்கிறீங்க, உள்ளே இருந்து வர்றது எல்லாம் சொல்லும்.

காற்றாடி

பட்டறைக்காரன் அண்ணா, குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். என்னுது ஆட்டோமேட்டிக், 1,40,000 ஓடினது, அதுவும் நோட்டு இல்லாம வாங்கினதுதான். கியர்பாக்ஸ் ஆயிலைத் தொட்டா செத்துடும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. என் மாமா வண்டியில மாத்தி ஒரே வாரத்துல நிஜமாவே நின்னுபோச்சு. "ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்"னு கையேட்டுலயும் போட்டிருக்கு. விட்டுடவா?

பட்டறைக்காரன்

தம்பி, உங்க மாமா ஏன் மாத்தினார்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. கியர் வழுக்க ஆரம்பிச்ச பிறகு, ஆயில் மாத்தினா சரியாகும்னு யாரோ சொல்லி மாத்தியிருப்பார். அந்த நிலைமையில உள்ளே கிளட்ச் பிளேட்டு தேய்ஞ்சு முடிஞ்சிருக்கும். பழைய ஆயில்ல மிதக்குற பிளேட்டுத் தூள்தான் கொஞ்சம் பிடிமானம் கொடுத்துக்கிட்டு இருக்கும்னு சொல்றவங்க உண்டு. அப்படியே இருந்தாலும் அது ஏற்கெனவே போன கேஸ். பழி ஆயில் மேல விழுந்துடுது.

உங்களுது வழுக்காம, உதறாம கியர் மாறுதுன்னா மாத்துங்க. ஆயிலை மோந்து பாருங்க முதல்ல. பழுப்பா இருக்கலாம், தீஞ்ச வாடை மட்டும் வரக் கூடாது. மெஷின் வச்சு அழுத்தத்துல தள்ளுற முறை வேண்டாம். அடியில இருக்கிற ஆயில் தட்டை (பேன்) வடிச்சு, எவ்வளவு வந்துச்சோ அதே அளவு ஊத்துறதுதான் சாதுவான வழி. இன்ஜின் சக்தியை கியர்பாக்ஸுக்குக் கடத்துற டார்க் கன்வெர்ட்டருக்குள்ள இருக்கிறது வெளியே வராது, அதனால ஒரு தடவைக்கு மொத்தத்துல பாதிக்கும் குறைவாத்தான் மாறும். 40 சதவீதம் மாறுதுன்னு வையுங்க. ரெண்டாவது தடவையில 64, மூணாவதுல 78 சதவீதம் புது ஆயில். நடுவுல ஒவ்வொரு தடவையும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க. கியர்பாக்ஸுக்கும் திடீர் மாற்றம் இருக்காது.

முதல் தடவை பேனைக் கழட்ட முடியும்னா கழட்டி, ஃபில்டரை மாத்தி, உள்ளே இருக்கிற காந்தத்தைப் பாருங்க. சாம்பல் நிறத்துல களிம்பு மாதிரி இருந்தா இயல்பு. விரல்ல குத்துற மாதிரி சில்லு இருந்தா அங்கேயே நிறுத்திட்டு யோசிக்கணும். ஆயில் கம்பெனி எதுவானாலும் பரவாயில்ல, கையேட்டுல போட்டிருக்கிற குறியீடு அப்படியே இருக்கணும். சிவிடி கியர்பாக்ஸ்னா (தனித்தனி கியர் இல்லாம பெல்ட்டால வேகம் மாறுற வகை) அதுக்குன்னே தனி ஆயில், சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் (ஏடிஎஃப்) ஊத்தினா பெல்ட் வழுக்கும். அளவு பார்க்கிறதுக்கும் ஆயில் எத்தனை டிகிரி சூட்டுல இருக்கணும்னு போட்டிருப்பாங்க, அதை மீறாதீங்க. "ஆயுசுக்கும்"னு எழுதினவங்க யாரோட ஆயுசைச் சொன்னாங்கன்னு நான் கேட்கிறது உண்டு. சூட்டுல வேலை செய்யுற எந்த ஆயிலும் கெடும்.

தென்றல்

வெண்புறா அக்காவுக்கு ஒரே ஒரு விஷயம். கியர் ஆயில் மாத்தும்போது முதல்ல ஊத்துற போல்ட்டைக் கழட்டுங்க, அது கழண்ட பிறகுதான் வடிக்கிற போல்ட்டைத் தொடணும்.

நான் அவசரத்துல மொத்தமா வடிச்சுட்டேன். அப்புறம் மேல் போல்ட்டுக்கு வந்தா அது இறுகிப்போய் அசையல. ஆலன் கீயை வச்சுத் திருகினதுல அதோட உள் முனையெல்லாம் வழிஞ்சு வட்டமாயிடுச்சு. கியர்பாக்ஸ்ல சொட்டு ஆயில் இல்லை, ஊத்த வழியும் இல்லை, வண்டியை நகர்த்தவும் முடியாது. நாலு நாள் ஸ்டாண்டு மேலேயே நின்னுச்சு. கடைசியில வெல்டிங் தெரிஞ்ச ஒருத்தர் வந்து போல்ட் தலையில ஒரு நட்டை ஒட்டவச்சுத் திருப்பினார். அந்தச் சூட்டுலதான் அது விட்டுச்சு. அந்த நாலு நாள் தூக்கம் போன மாதிரி உங்களுக்குப் போகக் கூடாது.

வெண்புறா

எல்லாருக்கும் மனசார நன்றி. அஞ்சு வாரம் ஆச்சு, நடந்ததை எழுதுறேன்.

பிரேக் ஆயில் மறுநாளே மாத்தியாச்சு. அண்ணா சொன்ன மரக்கட்டையை நானே கொண்டுபோனேன், மெக்கானிக் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம வாங்கி வச்சார். பின் சக்கரத்துலேர்ந்து வந்தது கிட்டத்தட்ட கறுப்பு. முன் இடது நிப்பிள் துருப்பிடிச்சு வரவே மாட்டேன்னு நின்னுச்சு. துரு விடுற ஆயில் அடிச்சு ராத்திரி முழுக்க ஊறவிட்டு மறுநாள்தான் திறந்தார். கிளட்ச்சுக்கும் அதே டப்பாதான், அதையும் வடிச்சோம். பெடல் இப்போ பாதித் தூரத்துலயே கெட்டியா நிக்குது. முன்னாடி இன்னும் கீழ போனப்போ, இந்த வண்டியே இப்படித்தான் போலன்னு நினைச்சிருந்தேன்.

இன்ஜின் ஆயில் 1,12,400-ல நானே மாத்தினேன். ஃபில்டரைப் பார்த்ததும் விஷயம் புரிஞ்சுபோச்சு. ஆயில் புதுசு, ஃபில்டர் மேல பெயின்ட் உரிஞ்சு துருவேறி இருந்துச்சு. வித்தவர் ஆயிலை மட்டும் மாத்தி, ஃபில்டரை அப்படியே விட்டிருக்கார். மூடிக்கு உள்ளே பழுப்பு, அப்பினது எதுவும் இல்லை.

டைமிங் பெல்ட்தான்னு உறுதியாச்சு. கவரைத் திறந்தப்போ பெல்ட்டை மடக்கிப் பார்த்தா பல்லுக்கு நடுவுல குறுக்குக் குறுக்கா வெடிப்பு. டென்ஷனரைக் கையால சுத்தினா மணல் அரைக்கிற சத்தம். வாட்டர் பம்ப்புக்குக் கீழ காய்ஞ்ச கூலன்ட் வழிஞ்ச கோடு. மூணும் மாத்தியாச்சு. நாலு தடவை கழுவின பிறகுதான் தண்ணி தெளிஞ்சுது. கூலன்டை முதல்ல, தண்ணியை அப்புறம்னு கணக்குப்படி ஊத்தினோம்.

போன ஞாயித்துக்கிழமை கியர் ஆயில். தென்றல், உங்களை நினைச்சுக்கிட்டே மேல் போல்ட்டைத்தான் முதல்ல கழட்டினேன், கழண்டுடுச்சு. இங்கதான் எனக்குச் சந்தேகம். கையேட்டுல 2.1 லிட்டர்னு இருக்கு, வடிஞ்சது 1.4 தான். காந்தத்துல சாம்பல் களிம்பு, சில்லு இல்லை. ஆனா டப்பாவை வெயில்ல சாய்ச்சுப் பார்த்தப்போ ஆயிலுக்குள்ள தங்கத் தூள் மாதிரி மெல்லிசா மினுங்குச்சு. கையேட்டுல போட்டிருந்த ஜிஎல்-4 தரத்து கியர் ஆயிலையே ஊத்தியிருக்கேன். மூணாவது கியர் உரசல் ரொம்பக் குறைஞ்சிருக்கு, குளிர்ல மட்டும் லேசா இருக்கு. அந்தத் தங்கத் தூள் பயப்படுற விஷயமா அண்ணா?

பட்டறைக்காரன்

தங்கச்சி, பெல்ட் வெடிப்பைப் படிச்சதும் எனக்கு மூச்சு திரும்பி வந்துச்சு. நல்ல நேரத்துல திறந்தீங்க.

தங்கத் தூள் பித்தளைத் தூள். கியர் மாறும்போது ரெண்டு பல்சக்கரத்தோட வேகத்தையும் ஒண்ணாக்குற சின்க்ரோ ரிங் நிறைய கியர்பாக்ஸ்ல பித்தளைதான். உங்க மூணாவது ரிங் கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு. ஆயில் 0.7 லிட்டர் குறைவா ஓடினதும் அதுக்கு ஒரு காரணமா இருக்கும். இப்பவே கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டாம். காலையில முதல் பத்து நிமிஷம் ரெண்டாவதுலேர்ந்து மூணாவதுக்குப் போகும்போது நியூட்ரல்ல ஒரு நொடி நிறுத்தி, அழுத்தாம விடுங்க. ஜிஎல்-4 ஊத்தினது ரொம்பச் சரி. சில கடையில "இது அதைவிட உசத்தி"ன்னு ஜிஎல்-5 கொடுப்பாங்க. அதுல பல்லுக்காகச் சேர்க்கிற கந்தக மருந்து சில வகைப் பித்தளையை அரிக்கும், சின்க்ரோவுக்குத் தேவையான பிடிமானத்தையும் குறைச்சிடும்.

எனக்கு உறுத்துறது அந்த 0.7 லிட்டர் எங்க போச்சுங்கிறதுதான். சக்கரத்தைச் சுத்துற ரெண்டு டிரைவ் ஷாஃப்ட்டும் கியர்பாக்ஸுக்குள்ள நுழையுற இடத்தைத் துணியால சுத்தமாத் துடைச்சு விடுங்க. ஒரு வாரம் கழிச்சு அதே இடத்தைப் பாருங்க. ஈரமா, தூசி ஒட்டிக்கிட்டு இருந்தா அந்தப் பக்கத்து சீல் போயிடுச்சு. சின்ன வேலை, தள்ளிப்போடாதீங்க. ரெண்டு பக்கமும் காய்ஞ்சே இருந்தா முன்னாடி ஊத்தினவரே குறைவா ஊத்தியிருக்கார்.

எப்படியிருந்தாலும் 1,000 கிலோமீட்டர்ல ஒரு தடவை வண்டியைச் சமதரையில தூக்கி, ஊத்துற ஓட்டைக்குள்ள சுண்டுவிரலை விட்டு மடக்கிப் பாருங்க. ஓட்டையோட விளிம்புக்குச் சரியா ஆயில் விரல்ல படணும்.

வெண்புறா

துடைச்சுட்டேன் அண்ணா. இடது பக்கம் நாலே நாள்ல தூசி ஒட்டிக்கிட்டு ஈரமா இருக்கு, வலது பக்கம் காய்ஞ்சிருக்கு. வர்ற சனிக்கிழமை சீல் மாத்தக் கொடுக்கிறேன். ரெண்டாவது இன்ஜின் ஆயில் 1,13,900-லன்னு நோட்டுல எழுதி வச்சாச்சு.